காயாத படம்

"பெரியப்பா, இன்னும் ஆகலையா?"

இந்தக் கேள்வியைக் கேட்டபோது பாப்பாவுக்கு ஐந்து வயது. பூச்சறையின் கதவிடுக்கில் மூக்கை வைத்துக்கொண்டு கேட்டாள். உள்ளே முகமூடி கட்டி, கையில் தெளிப்பு டப்பாவுடன் நின்றிருந்த அவள் பெரியப்பா, "கதவத் திறந்துடாதடா, தூசு வரும். இன்னும் ஒரு பூச்சு இருக்கு" என்றார். ஐந்து நிமிடம் போனது. மறுபடி அதே மூக்கு, அதே கேள்வி. பிள்ளைக்கு நம் தொழிலில் எவ்வளவு ஆர்வம் பார் என்று அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கடைசிப் பூச்சு முடிந்ததும் முகமூடியை இறக்கி, "ஆச்சு!" என்று வீடே கேட்கச் சொல்வார். குழந்தை குதித்துக்கொண்டு சமையலறைப் பக்கம் ஓடும்.

அது ஏன் சமையலறைப் பக்கம் ஓடியது என்று அவர் யோசித்ததில்லை. யோசிக்க இருபத்திரண்டு வருடம் ஆயிற்று.

படக்கடைக்காரர்கள் அவரை மினுக்கண்ணன் என்பார்கள். மினுக்குக்கும் அவருக்கும் தொழிலைத் தவிர வேறு சம்பந்தமே கிடையாது. சட்டை இரண்டு, இரண்டும் சாம்பல் நிறம். கல்யாணம் என்ற ஒன்று அவர் வாசல்வரை வந்து எட்டிப்பார்த்துவிட்டு வேறு தெருவுக்குப் போய்விட்டது. படங்களுக்கு மினுக்குப் பூசுகிறவர் என்பதால் அந்தப் பெயர். கேலியாக வைத்தது, நாளடைவில் மரியாதையாகிவிட்டது.

அந்தத் தொழில் என்னவென்று சொல்லிவிட வேண்டும். கறுப்பு வெள்ளைப் படத்தைப் பளபளப்புத் தாளில் மை பிரிண்டரில் அச்சடித்தால் நேராகப் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். கொஞ்சம் சாய்த்துப் பார்த்தால்தான் வண்டவாளம் தெரியும். கூந்தலின் கறுப்பு, துலக்காத செம்புப் பாத்திரம்போல் காட்டும். நெற்றியின் வெள்ளையில் மை கிடையாது, வெறும் தாள். அது மட்டும் தனியே பளீரென்று மின்னும். கன்னம் மங்கிக் கிடக்கும். ஒரே முகம் நாலு துண்டாகப் பிரிந்து, ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை இல்லாத உறவுக்காரர்களைப்போல இருக்கும். மேலே நிறமில்லாத பூச்சை மெல்லியதாக மூன்று தரம் தெளித்தால் அத்தனை துண்டும் ஒன்றுசேரும். எந்தப் பக்கம் சாய்த்தாலும் முகம் முகமாகவே இருக்கும்.

வீடு ஒடுக்கமானது. மாடியில் தம்பி அச்சடிப்பான். கீழே அண்ணன் பூசுவார். படிக்கட்டு திரும்புகிற இடத்தில் ஒரு மரத்தட்டு. அச்சடித்த படங்களைத் தம்பி அதில் வைப்பான். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் மூலையில், அச்சடித்த நாளும் நேரமும் பென்சிலில் எழுதியிருக்கும். அந்த நேரத்திலிருந்து ஒரு பகல் ஒரு இரவு முழுசாகப் போகாமல் அண்ணன் டப்பாவைத் தொடமாட்டார். மை மேலுக்குக் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். அவசரப்பட்டுப் பூசினால் அந்த ஈரம் உள்ளேயே மாட்டிக்கொண்டு படத்தை வெளுக்கவைத்துக் கெடுத்துவிடும்.

இன்னொரு பகையும் உண்டு, காற்றிலிருக்கும் ஈரம். அது பட்டாலும் பூச்சு பால்போல் வெளுத்துவிடும். பனி பிடிக்கிறது என்பார்கள். அதற்காகப் பூச்சறைக்குள் வாசலோரம் ஒரு தட்டில் கல்லுப்பு வைத்திருந்தார். காலையில் விரலால் அளைந்து பார்ப்பார். உப்பு கலகலவென்று இருந்தால் வேலை. கசிந்திருந்தால் அன்றைக்கு விடுமுறை. கடவுள் கொடுத்த கருவி இருக்கும்போது கடையில் எதற்கு வாங்க வேண்டும் என்பார்.

இருபத்தைந்து வருடம் இப்படித்தான் ஓடியது. இருவருக்கும் நடுவில் தம்பியின் மனைவி இருந்தாள். அவரை அவள் நேராக எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "பாப்பா, பெரியப்பாவுக்குத் தண்ணி கொண்டுபோய்க் குடு." பாப்பா வேலைக்கென்று வெளியூர் போன பிறகும், ஆளில்லாத பிள்ளையைப் பார்த்து, "பாப்பா, பெரியப்பா சாப்பிட வரலாம்னு சொல்லு" என்பாள். அவரும் அந்த இல்லாத பிள்ளைக்கே, "அஞ்சு நிமிஷத்துல வரேன்னு சொல்லும்மா" என்று பதில் சொல்வார். இப்படி ஒரு குடும்பம்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவள் போய்ச் சேர்ந்தாள். நாற்பத்தாறு வயது. தலையில் ஒரு நரை கிடையாது.

மூன்றாம் நாள் உறவினர்கள் கிளம்புவதற்குள் படத்தை மாட்டிவிட வேண்டும் என்று தம்பி ஆசைப்பட்டான். இரண்டாம் நாள் காலை ஒன்பது மணிக்கு அச்சடித்துத் தட்டில் வைத்திருந்தான். சட்டமும் தயார். கண்ணாடி வேண்டாம் என்றான். "கண்ணாடி போட்டா, படத்தப் பாக்கப் போறவங்க தன் மூஞ்சியத்தான் பாத்துட்டு வருவாங்க" என்று அவள் சொல்வாளாம். கண்ணாடி இல்லாத படத்துக்குப் பூச்சுதான் காவல்.

மறுநாள் பத்து மணிக்கு மினுக்கண்ணன் பூசினார். வெயில் காலம். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. விடிந்ததும் அளைந்து பார்த்தபோது உப்பு மணல்போல் உதிர்ந்தது. முதல் பூச்சு சரியாக உட்கார்ந்தது. இரண்டாவது பூச்சில், அவர் கண்ணெதிரே, கூந்தலின் கறுப்பில் வெள்ளை படர்ந்தது. உச்சியில் தொடங்கி வகிட்டின் இருபக்கமும் இறங்கியது. நாற்பத்தாறு வருடத்தில் நரைக்காத தலை ஒரே நிமிடத்தில் நரைத்துப்போனது.

தம்பி உள்ளே வந்து பார்த்தான். கதவைச் சாத்தினான்.

"என்னண்ணா பண்ணி வெச்சிருக்கீங்க?"

"என்னைக் கேக்காத. மை காயலை. எப்ப அடிச்ச நீ?"

"பின்னால எழுதியிருக்குல்ல. நேத்து ஒம்பது."

"எழுதியிருக்கு. எழுதினது நெசமா?"

"என்னது?"

"ராத்திரி அடிச்சிட்டு காலைலன்னு எழுதியிருக்க. அவசரம், எல்லாரும் போறதுக்குள்ள மாட்டணும். ஈரத்தோட குடுத்திருக்க."

"என் பொண்டாட்டி படத்துல நான் பொய் எழுதுவனாண்ணா?" என்றான். படத்தைப் பலகையிலிருந்து உருவி இரண்டாகக் கிழித்தான். கிழிந்த துண்டுகளைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டான். பாப்பா அப்போது மாடியில் அழுது ஓய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். படம் சரியாக வரவில்லை என்று உறவினர்களிடம் யாரோ சொன்னார்கள். அத்துடன் சரி.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சு நின்றுவிட்டது. வேலை நிற்கவில்லை. தட்டில் படம் வரும். கூடவே ஒரு சீட்டு: "பன்னிரண்டு. இரண்டு பெரிது." கீழேயிருந்து பதில் போகும்: "ஏழாவதில் கோடு." தம்பி மாடியிலேயே மின்சார அடுப்பு ஒன்று வாங்கிவைத்துக்கொண்டான். அண்ணன் ரொட்டியும் அவித்த முட்டையும் கடையில் வாங்கித் தின்றார். கீழ்ச் சமையலறையில் பூனைகூட நுழைவதில்லை. இருமல் சத்தம் மட்டும் மாடிக்கும் கீழுக்கும் போய்வரும். அவன் இருமினால் இவர் அன்றைக்கு அவனுக்குச் சளி என்று தெரிந்துகொள்வார்.

வருடம் ஒருமுறை, அவள் போன தேதியில், தட்டில் ஒரே ஒரு படம் வந்திருக்கும். அவள் படம். பின்னால் நேரம் எழுதியிருக்கும். முதல் வருடம் அதை எடுத்து, அந்த நேரத்துக்குக் கீழே "காயவில்லை" என்று எழுதித் திருப்பி வைத்தார். இரண்டாம் வருடமும் அப்படியே. எழுதும்போது கை கூசியது. கூசினாலும் எழுதினார். தான் சொன்னது சரி என்று நிலைநாட்ட மனிதனுக்கு எவ்வளவு குறைந்த எழுத்து போதுமாயிருக்கிறது!

தம்பி வேறு யாரிடமும் கொடுத்துப் பூசிக்கொள்ளவில்லை. பூச்சில்லாமலும் மாட்டவில்லை. மாடிச் சுவரில் வெறும் சட்டம் தொங்குவதாகப் படக்கடைக்காரம்மா சொன்னாள். பழுப்பு அட்டை தெரிய, சாத்தின ஜன்னல் மாதிரி.

மூன்றாம் வருடம் அந்தத் தேதிக்குச் சில நாள் முன்பாகப் படக்கடைக்காரம்மா பூசின படங்களை வாங்கிப்போக வந்தாள்.

"மினுக்கண்ணே, உங்க தம்பி பொண்ணோட போறாராமே? பிரிண்டரக் கூட வெல பேசியாச்சாம்."

"அப்படியா?"

"அப்படியாவா! ஒரே கூரைக்குக் கீழ இருக்கீங்க. மூணு தெரு தள்ளியிருந்து நான் வந்து சேதி சொல்லணுமா?"

"தட்டுல சீட்டு எதும் வரலையே."

"நல்லாயிருக்கு போங்க. அவரு போயிட்டா அப்புறம் எதுக்குப் பூசுவீங்க? சுவத்துக்கா?"

"வேற யாராச்சும் அச்சடிச்சுக் குடுத்தா பூசறேன்."

"குடுப்பாங்க, குடுப்பாங்க. என்னைக்கு அடிச்சதுன்னு கேட்டா முழிப்பாங்க. உங்க தம்பி எழுதற நேரம் மாதிரி வருமா? அதப் பாத்துக் கடிகாரத்தையே திருப்பி வைக்கலாம்."

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். அவருக்குச் சுருக்கென்றது. உறைகளை எண்ணிப் பார்க்காமலே கொடுத்தனுப்பினார்.

செவ்வாய்க்கிழமை பாப்பா வந்தாள். இருபத்தேழு வயது. வந்ததும் நேரே கீழே வந்து, "பெரியப்பா, எளைச்சுப் போயிட்டீங்க" என்றாள். "டப்பாக்காத்து தின்னா எளைக்காம?" என்று அவர் சிரித்தார். வெள்ளிக்கிழமை காலை ரயில் என்றாள். அப்பாவைக் கூட்டிப்போகிறாள். கண்ணும் முன்போல் இல்லை, தனியாக இருக்கவேண்டாம் என்றாள். தனியாக என்று அவள் சொன்னதை இவர் கேட்டுக்கொண்டார். மாடியில் அவன் தனி, கீழே இவர் தனி. ஒரே வீட்டில் இரண்டு தனி.

"நீங்களும் வாங்களேன் பெரியப்பா."

"நான் வந்தா இந்த உப்ப யாரு பாத்துக்கறது?"

புதன்கிழமை காலை அவர் ஆறு படங்களுக்குப் பூச்சுப் போட்டார். முடித்துக் கை கழுவ வந்தபோது மணி பதினொன்று. சமையலறை வாசலில் நின்றுவிட்டார். மூன்று வருடமாகத் திறக்காத ஜன்னல் திறந்திருந்தது. மேடை துடைத்திருந்தது. அரிசி கழுவி வைத்திருந்தது, பானையில் தண்ணீர், நறுக்கின காய் தட்டில். அடுப்பு மட்டும் பற்றவைக்கவில்லை. முக்காலியில் பாப்பா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா, அடுப்பு முன்னால உக்காந்து தவமா? கேஸ் தீந்துபோச்சா?"

"இல்ல பெரியப்பா. நீங்க இன்னும் ஆச்சுன்னு சொல்லலையே."

"நான் ஆச்சுன்னு சொல்றதுக்கும் சோறு வேகறதுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"நல்லா கேட்டீங்க. இதுக்காக நான் எத்தன குட்டு வாங்கியிருக்கேன் தெரியுமா?"

"குட்டா? யாரு குட்டினது?"

"அம்மாதான். வேற யாரு? பசிக்குதும்மான்னு அழுவேன். 'பெரியப்பா பூசிட்டிருக்காங்க, ஆச்சுன்னு சொன்னாத்தான் அடுப்பு'ன்னுவாங்க. ரொம்ப அழுதா, 'போ, ஆயிருச்சான்னு கேட்டுட்டு வா'ன்னு அனுப்புவாங்க. நான் வந்து வந்து கேப்பனே, மறந்துட்டீங்களா?"

"நீ... படத்தப் பாக்க ஆசப்பட்டுக் கேக்கறன்னுல்ல நெனச்சேன்."

பாப்பா விழுந்து விழுந்து சிரித்தாள். "அஞ்சு வயசுல எனக்கு எதுக்குப் பெரியப்பா படம்? எனக்குச் சோறு வேணும்!"

அவரும் சிரிக்கப் பார்த்தார். "சரி, அடுப்ப ஏன் நிறுத்தி வெச்சா?"

பாப்பா மேலே கையைக் காட்டினாள். சமையலறைக்கும் பூச்சறைக்கும் நடுச்சுவரில், உத்தரத்துக்குக் கீழே, இரண்டு செங்கல் அளவுக்கு ஒரு காற்றுத்துளை. அந்த வீடு கட்டின நாளிலிருந்து இருப்பது. அவர் அதைப் பார்த்திருக்கிறார். பார்த்ததோடு சரி.

"ஒல கொதிச்சா ஆவி அது வழியா உங்க ரூமுக்குப் போவுமாம். கல்யாணமாகி வந்த புதுசுல ஒருநாள் அம்மா சமைச்சிட்டிருந்தப்ப உங்க படத்துல பனி பிடிச்சிருச்சாம். நீங்க டப்பா சரியில்லன்னு திட்டிட்டு, புதுசு வாங்கக் கடைக்கு ஓடுனீங்களாம். அம்மா உள்ள வந்து உங்க உப்புத் தட்டத் தொட்டுப் பாத்தாங்களாம். காலைல உதிரியா இருந்த உப்பு பிசுபிசுன்னு இருந்துச்சாம். அன்னைலருந்து அப்படித்தான்."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"நானும் கேட்டேன், பெரிய பொண்ணானப்புறம். 'சொன்னா பெரியப்பா கூச்சப்படுவாங்க. நீ சமைச்சுக்கோம்மா, நான் அப்புறம் பூசிக்கறேன்னுவாங்க. அவங்க வேல கெடும். ஒரு மணி நேரம் பசி தாங்கினா யாரும் செத்துட மாட்டோம்'ன்னாங்க. அப்பாகிட்டயே சொல்லல. நான்தான் பசிக்கு மாட்டிக்கிட்டேன்."

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"பெரியப்பா? என்ன பண்ணுது?"

"ஒண்ணுமில்லம்மா. ஆச்சு. நீ அடுப்பப் பத்தவெய்யி."

பூச்சறைக்குத் திரும்பிக் கதவைச் சாத்தி முக்காலியில் உட்கார்ந்தார். மறுபக்கம் தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் காற்றுத்துளையின் விளிம்பில் ஆவி எட்டிப்பார்த்தது. பிறகு தாராளமாக உள்ளே இறங்கி, சுவரோடு வழிந்து, அவர் பலகைக்கு மேல் கலைந்தது. துளைக்குக் கீழே சுவரில் துளித்துளியாக நீர் கோத்தது.

அந்த நீரை அவர் முன்பு ஒருமுறை பார்த்திருக்கிறார். அன்றைக்கு. மூன்றாம் நாள். வீடு நிறைய ஆட்கள். சமையலறையில் அக்கம்பக்கத்துப் பெண்கள் இரண்டு பெரிய பாத்திரத்தில் தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கவைத்தார்கள். இந்தச் சுவரில் ஈரத்தைப் பார்த்தார். மாடிக் குழாய் கசிகிறது என்று நினைத்து, முழங்கையால் துடைத்துவிட்டு டப்பாவைக் குலுக்கினார். உப்பை மறுபடி தொட்டுப் பார்க்கவில்லை. காலையில் பார்த்தாயிற்றே.

அடுப்பை நிறுத்திவைக்க அன்றைக்கு அவள் இல்லை. அவள் படமாகப் பலகையில் இருந்தாள்.

வாசலோரம் போய் உப்பைத் தொட்டார். விரலில் ஒட்டியது.

தம்பி எழுதிய நேரம் சரியான நேரம்தான். இருபத்தைந்து வருடம் சரியாக எழுதிய கை அன்றைக்கும் சரியாகத்தான் எழுதியது. மனைவியைப் பறிகொடுத்து மூன்று நாள்கூட முழுசாக ஆகாதவனைப் பார்த்து, பொய் எழுதினாய் என்று இவர் சொன்னார். பிறகு வருடாவருடம் அதையே பென்சிலால் எழுதித் திருப்பியனுப்பினார்.

அன்று பாப்பா பரிமாறிய சோறு உள்ளே இறங்கவில்லை.

"நல்லால்லையா பெரியப்பா?"

"நல்லாருக்கும்மா. அம்மா கைப் பக்குவம்."

"பொய். அம்மா உப்பு சரியாப் போடுவாங்க." அவள் குனிந்து மெதுவாகக் கேட்டாள். "நீங்களும் அப்பாவும் எதுக்குத்தான் பேசிக்கறதில்ல? அவரக் கேட்டா 'உங்க பெரியப்பாவக் கேளு'ங்கறார். உங்களக் கேட்டா நாளைக்குன்றீங்க. மூணு வருஷமா நாளைக்கு."

"நாளைக்குச் சொல்றேன்."

"பாத்தீங்களா!"

சாயங்காலம் அவர் படியேறினார். தட்டு இருக்கும் திருப்பம்வரை போனார். அதே நேரம் மாடியிலிருந்து தம்பி இறங்கிவந்தான். கையில் ஒரு படம், மேலே மெல்லிய தாள் மூடியிருந்தது. இருவரும் எதிரெதிரே நின்றார்கள். தம்பியின் தலை முழுவதும் நரைத்திருந்தது. அவர் வாயைத் திறந்தார். மூன்று வருடம் பூட்டிக் கிடந்த கதவு, கீல் அசையவில்லை. தொண்டையில் ஏதோ சத்தம் மட்டும் வந்தது. இருமுகிறார் என்று தம்பி நினைத்திருப்பான். படத்தைத் தட்டில் வைத்தான். திரும்பி ஏறிப் போனான். ஒவ்வொரு படியாக, சுவரைப் பிடித்துக்கொண்டு.

அவள் படம்தான். பின்னால் மூலையில்: புதன், காலை 10. எழுத்து கொஞ்சம் கோணியிருந்தது. கண் முன்போல் இல்லைதான்.

மனத்துக்குள் கடவுளே என்றார். அதற்குமேல் என்ன கேட்பதென்று தெரியவில்லை.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு, பிரிண்டரை வாங்கியவர் வண்டியோடு வந்தார். தம்பியும் பாப்பாவும் கூடவே போனார்கள். அங்கே ஓட்டிக் காட்டிவிட்டு, அப்படியே இரண்டு மூன்று வீட்டில் சொல்லிக்கொண்டு, ஐந்து மணிக்குள் வந்துவிடுவதாக பாப்பா சொன்னாள். "சோறு மூடி வெச்சிருக்கேன், சூடு பண்ணிச் சாப்பிடுங்க."

"சரிம்மா" என்றார். சூடு பண்ணவில்லை.

முதலில் சமையலறைக்குப் போனார். கேஸை மூடினார். குழாயை இறுக்கினார். ஈரத் துணியைக் கொண்டுபோய் வெளியே போட்டார். ஜன்னல் வழியாக வெயில் வந்து சுவரைக் காயவைக்கட்டும் என்று ஒரு மணி நேரம் காத்திருந்தார். பிறகு உப்பைத் தொட்டார். சமையலறையை இன்னொரு தரம் எட்டிப்பார்த்துவிட்டு வந்து, மறுபடி தொட்டார். கலகலவென்று உதிர்ந்தது.

படத்தைப் பலகையில் ஓரங்களை ஒட்டி, சாய்த்து நிறுத்தினார். மெல்லிய தூரிகையால் தூசு தட்டினார். விளக்கைத் தாழ்த்திப் பக்கவாட்டில் வைத்தார். அந்த வெளிச்சத்தில்தான் பூச்சு விட்டுப்போன இடம் தெரியும். அவளும் தெரிந்தாள். சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற முகம். கூந்தல் செம்பாகக் காட்டியது. நெற்றி தனியே மின்னியது. கன்னத்தில் ஒரு மங்கல். துண்டு துண்டாகத்தான் இருந்தாள்.

ஒரு முழத் தூரத்திலிருந்து, படத்துக்கு வெளியே தொடங்கி, படத்தைக் கடந்து வெளியே போய் நிறுத்தினார். இடமிருந்து வலம், வலமிருந்து இடம். கை நடுங்கக்கூடாது, நின்ற இடத்தில் பூச்சு தேங்கிவிடும். முதல் பூச்சு. அரைமணி நேரம். இரண்டாவது மேலிருந்து கீழ். கூந்தலையே பார்த்துக்கொண்டு நின்றார். வகிடு. உச்சி. வெளுக்கவில்லை. கறுப்பு இன்னும் கறுத்தது, மழையில் நனைந்த கல்லைப்போல.

அரைமணி நேரம். வயிறு இரைந்தது. காலையில் ஒரு தேநீர் குடித்ததுதான். ஒரு மணி நேரப் பசிக்கு யாரும் செத்துவிட மாட்டோம். அவள் இருபது வருடத்துக்கு மேல் இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம், பற்றவைக்காத அடுப்பின் முன்னால், அழுகிற பிள்ளையோடு உட்கார்ந்திருந்தாள். இந்தப் பக்கம் அவர் தன் கைத்திறனை நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார்.

மூன்றாவது பூச்சு.

விளக்கைச் சுற்றி நின்று, குனிந்து, நிமிர்ந்து, நாலு பக்கமும் பார்த்தார். நெற்றியும் கன்னமும் கூந்தலும் ஒன்றாகியிருந்தன. எந்தப் பக்கம் போனாலும் அவள் முழுசாக இருந்தாள். முகமூடியை இறக்கினார். காற்றுத்துளையைப் பார்த்து, வீடே கேட்கும்படி சொன்னார்:

"ஆச்சும்மா!"

அந்தப் பக்கம் யாரும் எழுந்திருக்கவில்லை. பாத்திரம் உருளவில்லை.

மூன்றரை மணிக்குப் பூச்சு விரலில் ஒட்டாமல் இருந்தது. படத்தைத் திருப்பி, வெள்ளைத் துணியில் கவிழ்த்துவைத்தார். பென்சிலை எடுத்தார். தம்பியின் நேரத்துக்குக் கீழே, இரண்டு வருடம் "காயவில்லை" என்று எழுதிய அதே இடத்தில், நிதானமாக எழுதினார்: "காய்ந்திருந்தது. அன்றைக்கும்."

மாடிக்கு மூன்று வருடம் கழித்துப் போனார். பிரிண்டர் இருந்த இடத்தில் தரை மட்டும் வெளுப்பாக நீள்சதுரமாகத் தெரிந்தது. சுவரில் வெறும் ஆணி. இரண்டு பெட்டி கட்டித் தயாராக இருந்தன. அவற்றின்மேல், பூப்போட்ட பழைய போர்வையில் சுற்றி, கயிற்றால் கட்டி, அந்தச் சட்டம். வெறும் சட்டத்தையும் எடுத்துக்கொண்டு போகிறான்.

முடிச்சு எப்படிப் போட்டிருக்கிறது என்று முதலில் கவனித்துக்கொண்டார். இரண்டு சுற்று, ஓரத்தில் ஒரு சுருக்கு. அவிழ்த்தார். சட்டத்தின் பின்பக்கத் தகடுகளைத் திருப்பிப் பழுப்பு அட்டையை எடுத்தார். அட்டையின் உட்பக்கத்தில் கிழிந்த இரண்டு துண்டுகள் ஒட்டியிருந்தன. ஊருக்குக் கட்டும்போதுதான் ஒட்டியிருக்க வேண்டும்; ஓரம் ஓரமாகச் சேர்த்து, சரியாகப் பொருந்தும்படி வைத்திருந்தான். நரைத்த கூந்தல். அவர் அவற்றைத் தொடவில்லை. அவை இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று, புதிய படத்தை அவற்றுக்கு முன்னால், முகம் வெளியே பார்க்க வைத்தார். எழுதிய பக்கம் அந்தத் துண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அட்டையை வைத்துத் தகடுகளைத் திருப்பினார். மடிப்பு மடிப்பாகப் போர்வையைச் சுற்றினார். இரண்டு சுற்று, ஓரத்தில் ஒரு சுருக்கு. எங்கோ ஓர் ஊரில், ஏதோ ஒரு சுவரில் மாட்டுவதற்காக அவன் அவிழ்ப்பான். எழுத்தைப் பார்ப்பானோ, மாட்டானோ. தகடுகளைத் திருப்பினால்தான் தெரியும்.

கீழே வந்தார். சமையலறையில் கேஸைத் திறந்து, பெரிய பாத்திரத்தில் மூவருக்குத் தேநீர்த் தண்ணீர் வைத்து, தீக்குச்சியைக் கிழித்தார். தண்ணீர் கொதித்தது. ஆவி எழுந்து, துளை வழியாக, காலியான பூச்சறைக்குள் போய்க்கொண்டே இருந்தது. உப்பு கசியும். கசியட்டும் என்று விட்டுவிட்டு, இன்னும் ஒரு குவளை தண்ணீர் ஊற்றினார்.